முதுகில் ஒளிந்திருக்கும் சங்கிலி

நன்றாகத் தைத்துக் கட்டிய புத்தகத்தை நடுவில் விரித்து மேசைமேல் வையுங்கள். கையை எடுத்தாலும் மூடிக்கொள்ளாது. மடிப்புக் குழியை உற்றுப் பார்த்தால் நூல் தெரியும். அடுத்த நூலைப் பார்க்கப் பல பக்கங்கள் புரட்ட வேண்டும், பெரும்பாலும் 16.

நான்கு தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம். அச்சகத்தில் அதைப் பாரம் என்பார்கள். நூல் வெளியே தெரிவது நடுத்தாளில் மட்டும்தான். துளையோ நான்கு மடிப்புகளையும் ஊடுருவுகிறது. அதனால் நான்கு தாள்களும் ஒரே நூலில் மாட்டிக்கொள்கின்றன. பசையால் மட்டும் ஒட்டும் புத்தகத்தில் இந்த மடிப்பையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தாளுக்கு மெல்லிய ஓரம் ஒன்றுதான் பிடிமானம். பசை காய்ந்து வெடித்தால் தாள் கையோடு வந்துவிடும்.

சரி, பாரத்தோடு பாரத்தை இணைப்பது எப்படி? இங்கேதான் கெட்டிக்காரத்தனம். துளை வழியாக வெளியே வரும் ஊசி, கீழே ஏற்கெனவே தைத்த பாரத்தின் நூலைச் சுற்றிக்கொண்டு, வந்த துளைக்குள்ளேயே திரும்புகிறது. பாரம் ஏற ஏற முதுகில் சங்கிலி பின்னிக்கொண்டே போகும். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் கையாண்டதால் இது காப்டிக் தையல். கோடித் துளைக்கு வந்ததும் ஊசியைக் கீழ்ப் பாரங்களுக்கு இடையே விட்டு, விழும் வளையத்துக்குள் கோத்து இழுத்தால் பூட்டு முடிச்சு. பிறகு அடுத்த பாரம், எதிர்த்திசையில்.

இந்தத் தையல் எத்தனை காலம் தாங்கும்? இங்கிலாந்தில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித் தைத்த சிறு புத்தகம் ஒன்று, புனித கத்பர்ட்டின் சவப்பெட்டிக்குள் இருந்தது. 1104இல் டர்ஹாமில் பெட்டியைத் திறந்தபோது வெளியே வந்தது. கட்டுக் குலையாமல் கிடைத்த ஐரோப்பியப் புத்தகங்களில் அதுவே மிகப் பழையது. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் அதை 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 1,300 ஆண்டுகளாகத் தாங்கும் அந்தத் தையலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கற்றுக்கொள்பவரின் கை முதலில் பழக வேண்டியது இழுவை. நூலைத் தைத்துப்போகும் திசையிலேயே, முதுகை ஒட்டி இழுக்க வேண்டும். வந்த வழியே பின்னோக்கிச் சுண்டினால் மடிப்பு கிழிந்துவிடும். லினன் நூலில் தேன்மெழுகு தடவுவதும் இதற்காகத்தான்: சிக்கு விழாது, இழுத்த இடத்தில் நிற்கும். 20 செ.மீ. உயரமுள்ள 320 பக்கப் புத்தகத்தில் 20 பாரம். பாரத்துக்கு ஓர் உயரம் என்று வைத்தால் 4 மீட்டர் நூல் போதும். ஒரு சேலையின் நீளம்கூட இல்லை.

அந்த நூலுக்கும் தடிமன் உண்டல்லவா? அரை மில்லிமீட்டர் என்றால் 20 பாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். தாளுக்குள் அழுந்துவது போக மீதி அத்தனையும் முதுகில்தான் சேரும், முன்விளிம்பில் சேராது. குறை போலத் தோன்றும் இந்தப் புடைப்பைத்தான் கெட்டி அட்டை போடுபவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். முதுகில் பசை பூசி, அது இறுகுமுன் சுத்தியலால் தட்டி வளைப்பார்கள். ஓரப் பாரங்கள் வெளிப்பக்கம் மடிந்து தோள் எழும்பும். அட்டை வந்து உட்காரும் இடம் அது. மெல்லிய நூலென்றால் தோள் எழாது, தடித்ததென்றால் முதுகு ஊதிவிடும். அதனால் தேர்ந்த கட்டுநர், பாரங்களை எண்ணி, தாளை விரலால் தேய்த்துப் பார்த்து, அட்டையின் கனத்தையும் கணக்கில் வைத்த பிறகுதான் நூலைத் தேர்ந்தெடுக்கிறார்.