உப்புத் தண்ணீர், மழையும் இல்லை... விதை போட்டு மரம் வளர்க்க முடியுமா? முழு விளக்கம்

விதை போட்டாச்சு, தினமும் தண்ணீரும் ஊத்தியாச்சு. ஆனா ஒண்ணுகூட முளைக்கல. நாகப்பட்டினம், வேதாரண்யம், ராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் மரம் வளர்க்க முயற்சிக்கும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். 2004 சுனாமியில் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அந்த இடத்தில் மீண்டும் மரம் வரணும்னா, முதலில் விதை முளைக்கணும்.

ஈரம் இருந்தும் ஏன் முளைக்கல?

தண்ணீரை உறிஞ்சி ஊதினால்தான் விதை முளைக்கும். மண்ணில் உப்பு அதிகமானால், அந்தத் தண்ணீரை விதையால் எளிதில் இழுக்க முடியாது. அதாவது, மண் ஈரமாக இருந்தாலும் விதைக்கு அது வறட்சிதான். தப்பித்து முளைத்தாலும், சோடியமும் குளோரைடும் உள்ளே சேர்ந்து இளம் செடியைக் கருக்கிவிடும். வளர்ந்த மரம் தாங்கும் உப்பை நாற்று தாங்காது.

உவர் வேறு, களர் வேறு

மண் பரிசோதனையில் மின்கடத்தும் திறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, வடிகால் வழியே வெளியேற்றணும். கார அமிலத்தன்மை 8.5-ஐ தாண்டி, சோடியமும் அதிகமாக இருந்தால் களர் நிலம். ஜிப்சம் தேவைப்படுவது இதற்குத்தான்.

எந்த மரத்தைத் தேர்வு செய்யலாம்?

உகா, புங்கன், புன்னை, பூவரசு, பனை ஆகியவை உப்பைத் தாங்கக்கூடியவை. பனைக்கு நாற்றங்கால் தேவையில்லை, கொட்டையை நேரடியாக ஊன்றலாம். புன்னையின் கெட்டியான ஓட்டை உடைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். வேப்ப விதையை மாதக்கணக்கில் வைத்திருந்தால் முளைப்புத்திறன் போயிடும், பழுத்து விழுந்ததும் விதைப்பது நல்லது. சீமைக்கருவேலமும் உப்பைத் தாங்கும். ஆனா அது பரவி மற்ற செடிகளை அமுக்கிவிடும் என்பதால் வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

* முதலில் ஒரு சோதனை: 10 விதையை மழைநீரிலும், 10 விதையை போர்வெல் தண்ணீரிலும் நனைத்த துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். மழைநீரில் மட்டும் முளைத்தால், கோளாறு விதையில் இல்லை, தண்ணீரில்!

* விதைப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவையுங்கள்.

* பையில் நாற்று வளர்க்கும்போது முதல் சில வாரங்கள் நல்ல தண்ணீர் மட்டுமே. பிறகு உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாம்.

* தினமும் மேலாகத் தெளிக்க வேண்டாம். வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். சுற்றிலும் இலைதழை மூடாக்கு அவசியம்.

* வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடுங்கள். மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். அடுத்த கோடைக்குள் வேர் ஆழம் போக அந்த அவகாசம் முக்கியம்.