கண்ணாடியில் தங்கிய ஊர்

மரப்பலகைச் சுவர், மரப்பட்டை வேய்ந்த கூரை, வாசலில் விறைப்பாக நிற்கும் கடைக்காரர். கோட்டுக்கு மேல் ஏப்ரன் கட்டியிருப்பார், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைத்திருப்பார். பக்கத்தில் மனைவி, இடுப்பில் குழந்தை. தெருவில் அப்போதுதான் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. ஓரத்தில் ஒரு நாய். அதற்கு மட்டும் தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை. மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். நாயிடம் யார் சொல்வது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹில் எண்ட் என்ற ஊரில் 1872-ல் எடுத்த படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கசாப்புக் கடை, செருப்புக் கடை, மருந்துக் கடை, சாராயக் கடை, வங்கி என்று வாசல் வாசலாகப் போய் எடுத்திருக்கிறார்கள். மாநில நூலகம் அந்தக் கண்ணாடி நெகட்டிவ்களை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கிறது. கணினியில் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடை ஜன்னலுக்குள் அடுக்கியிருக்கும் புட்டிகள் தெரியும், சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிக்கலாம், கடைக்காரரின் பூட்ஸில் காய்ந்திருக்கும் சேறுகூடத் தெரியும். ஒரு சாயங்காலம் சும்மா பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

அந்தக் கடைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. சிட்னியிலிருந்து மலைகளைக் கடந்து காரில் நான்கு மணி நேரம் போல ஆகும் அந்த ஊரில் இப்போது குடியிருப்பவர்கள் ஏறத்தாழ நூறு பேர். படம் எடுத்த காலத்தில் சுமார் எட்டாயிரம் பேர் இருந்தார்கள். இருபத்தெட்டு மதுக்கடைகள், ஐந்து வங்கிகள், எட்டு தேவாலயங்கள். கடைவீதி மட்டும் ஒரு மைல் நீளம். அந்த இருபத்தெட்டில் இன்னும் கதவு திறந்திருப்பது ராயல் ஹோட்டல் ஒன்றுதான்.

தங்கத்துக்கு முன்னால் அது விராஜுரி மக்களின் நிலம். வெள்ளையர் பாதர்ஸ்ட் சமவெளிக்குள் ஆட்டு மந்தைகளோடு வந்தபோது, விண்ட்ரடைன் என்ற தலைவரின் கீழ் அவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1824 ஆகஸ்டில் ஆளுநர் பிரிஸ்பேன் அங்கே ராணுவச் சட்டம் பிறப்பித்தார். அது டிசம்பர் வரை நீடித்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1851 பிப்ரவரியில், எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் என்பவர் பாதர்ஸ்ட் பக்கத்து ஓடை மண்ணை அரித்துத் தங்கம் இருக்கிறதென்று காட்டினார். அதே ஆண்டு ஜூலையில், மெரூ ஓடைக்கருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆதிக்குடித் தொழிலாளி ஒருவர் குவார்ட்ஸ் பாறையில் மஞ்சளாக எதையோ பார்த்து முதலாளியிடம் சொன்னார். உடைத்து எடுத்த தங்கம் நாற்பது கிலோவுக்குச் சற்றுதான் குறைவு. முதலாளி கெர் என்ற மருத்துவர். அந்தக் கட்டி இன்றுவரை கெர் பெயரில்தான் வழங்குகிறது. முதலில் பார்த்த கண்ணுக்கு உரியவர் பெயர் அதில் ஒட்டவில்லை. இந்தக் கட்டுரை முழுக்கப் படங்களைப் பற்றியது என்பதால், படத்தில் விழாமல் போனவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

1850-களில் ஹில் எண்டுக்குப் பக்கத்தில் டாம்பரூரா என்ற இடத்தில்தான் கூட்டம். ஓடைகளிலும் மேல்மண்ணிலும் கிடைத்த தங்கம் அது. தட்டும் மண்வெட்டியும் இருந்தால் போதும், எவரும் இறங்கலாம். சீனர்கள் பெருந்திரளாக வந்து அரித்தார்கள், காய்கறித் தோட்டம் போட்டார்கள். மண்ணை அரித்து அரித்து நிலம் குடைந்துபோய், மழையும் சேர்ந்து அரிக்க, இன்று கோல்டன் கல்லி என்று சொல்லும் பள்ளத்தில் செம்மண் வளைவுகளும் தூண்களுமாக நிற்கின்றன. இயற்கை செய்தது எது, மனிதக் கை செய்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மேல்மண் தீர்ந்தபின் பாறைக்குள் போக வேண்டியிருந்தது. ஹாக்கின்ஸ் ஹில் என்ற செங்குத்தான குன்றில் குவார்ட்ஸ் நரம்புகள் ஓடின. அதற்குத் தட்டும் மண்வெட்டியும் போதாது. வெடிமருந்து வேண்டும், பாறையை இடித்துத் தூளாக்கும் ஆலை வேண்டும், தூளிலிருந்து தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பணத்துக்காகக் கம்பெனிகள் முளைத்தன, கம்பெனிகளுக்காகப் பங்குகள் அச்சாயின. 1871, 72-ல் குன்றின்மேல் நல்ல நரம்பு கிடைத்த ஒரு சுரங்கத்தைச் சுற்றி, ஒன்றுமில்லாத நிலத்துக்கெல்லாம் பங்கு விற்றார்கள். சிட்னியில் குமாஸ்தாக்களும் விதவைகளும் வாங்கினார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. விக்டோரியா காலனியில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித், ஆஸ்திரேலியத் தங்க வயல்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். 1879-ல் அவரை வரவழைத்து, தென்கிழக்கு வயநாட்டில், இன்றைய நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலா பக்கத்தில், தங்கம் எப்படி என்று பார்க்கச் சொன்னார்கள். நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுத்தார். லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. காட்டுக்குள் இயந்திரங்கள் ஏறின. சில ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது. கைவிட்ட குழிகள் மட்டும் புதருக்குள் கிடக்கின்றன. பந்தலூரின் அந்த நாட்களில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஒரு கடைக்காரர் முகமாவது நமக்குக் கிடைத்திருந்தால் என்று ஏங்குகிறேன்.

ஹில் எண்டுக்கு அந்த பாக்கியம் வாய்த்ததற்குக் காரணம் பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் என்ற ஜெர்மானியர். 1838-ல் ஹாம்பர்க்கில் பிறந்தவர், இருபது வயதில் சிட்னி வந்து இறங்கியவர். கூட்டாளி லூயி பேயர்ஸுடன் சேர்ந்து ஹாக்கின்ஸ் ஹில்லில் ஆண்டுக்கணக்காகத் தோண்டினார். கிடைத்தது ஒன்றுமில்லை. வெடிமருந்து முந்திக்கொண்டு வெடித்து ஒருமுறை உயிர் போகப் பார்த்தது. செலவுக்கு மதுக்கடை நடத்தினார். 1868 பிப்ரவரியில் நண்பர்கள் இருவரும் ஒரே நாளில் அக்கா தங்கை இருவரை மணந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் குன்று மனமிரங்கியது.

1872 அக்டோபர் 19 இரவு. 'ஸ்டார் ஆஃப் ஹோப்' கம்பெனியின் சுரங்கத்தில் வேட்டு வைத்துவிட்டுப் புகை அடங்கக் காத்திருந்தவர்கள் உள்ளே விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது சுவரே மின்னியிருக்கிறது. பெயர்த்தெடுத்த பலகை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், 286 கிலோ எடை. குவார்ட்ஸும் ஸ்லேட்டும் தங்கமும் பின்னிக் கிடந்த ஒரே துண்டு. அதில் தங்கம் மட்டும் 90 கிலோவுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். உலகத்தில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பூமியிலிருந்து முழுசாக எடுத்ததில்லை.

ஹோல்டர்மன் அந்தக் கம்பெனியின் மேலாளர், பங்குதாரர்களில் ஒருவர். கட்டி கம்பெனிக்குச் சொந்தம். அதை உடைக்காமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, மதிப்புக்கு மேல் ஆயிரம் பவுண்டு தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். மறுத்துவிட்டார்கள். மற்ற பாறைகளோடு அதுவும் ஆலைக்குள் போய் இடிபட்டது. அந்த ஏமாற்றம்தான் அவரைப் படங்களின் பக்கம் திருப்பியது என்பது என் எண்ணம். கண்முன்னே இருந்த ஓர் அதிசயம் மறுநாள் இல்லாமல் போவதைப் பார்த்த மனிதர் அவர்.

அதே ஆண்டில் ஹில் எண்டில் கடை போட்டிருந்தவர் போஃபாய் மெர்லின், ஊர் ஊராகப் போய் வீட்டையும் கடையையும் படம் பிடித்து விற்கும் புகைப்படக்காரர். சார்லஸ் பேலிஸ் என்ற இளைஞர் அவருக்கு உதவியாள். அந்தக் காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் விரல் அசைவில் முடிகிற வேலை இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியான் என்ற பிசினைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகி, படம் எடுத்து, ஓடிப்போய் இருட்டு வண்டிக்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் தகடு பாழ். ஆஸ்திரேலியக் கோடையில், புழுதி பறக்கிற கடைவீதியில், ஒவ்வொரு வாசலுக்கும் இதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த இருவரையும் ஹோல்டர்மன் அமர்த்திக்கொண்டார். ஆஸ்திரேலியாவை உலகத்துக்குக் காட்டும் ஒரு படக் கண்காட்சி அவர் கனவு. மெர்லின் 1873 செப்டம்பரில் இறந்துபோனார். பேலிஸ் தொடர்ந்தார். ஹோல்டர்மன் வட சிட்னியில் கோபுரம் வைத்த மாளிகை கட்டி, 1875-ல் அந்தக் கோபுரத்தையே ஒரு கேமராவாக்கி, துறைமுகத்தை ஆள் உயரக் கண்ணாடியில் பதியவைத்தார். அவ்வளவு பெரிய ஈரத்தகட்டு நெகட்டிவ் அதுவரை எங்கும் எடுக்கப்பட்டதில்லை. இதற்கெல்லாம் சொந்தப் பணம் நாலாயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்தார். படங்கள் 1876-ல் பிலடெல்பியாவுக்கும் 1878-ல் பாரிஸுக்கும் போய்ப் பதக்கம் வாங்கின.

அவரை உலகம் அறிந்த படம் ஒன்று உண்டு. தங்கப் பலகையின் மேல் கை வைத்து ஹோல்டர்மன் கம்பீரமாக நிற்பார். அது ஒட்டிச் சேர்த்த படம். ஸ்டுடியோவில் கையை ஒரு தாங்கியில் வைத்து நின்றார். தங்கமும் பின்னாலிருக்கும் வீட்டுத் தாழ்வாரமும் பிறகு சேர்க்கப்பட்டவை. அதில் எனக்கு அவர்மேல் குறையில்லை. கையால் தொட முடியாமல் போனதை அவர் அப்படியாவது தொட்டுக்கொண்டார்.

1882-ல் சட்டமன்ற உறுப்பினரானார். 1885-ல், தன் நாற்பத்தேழாவது பிறந்த நாளன்றே காலமானார். அதற்குள் ஹில் எண்ட் வற்றிவிட்டிருந்தது. 1874 வாக்கிலேயே நரம்புகள் மெலிந்து, வங்கிகள் மூடி, கடைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பலகை வீடுகளைப் பிரித்துக் கையோடு எடுத்துப் போனவர்களும் உண்டு. ஹோல்டர்மனின் கண்ணாடிகளை எல்லாரும் மறந்துபோனார்கள்.

கீஸ்ட் பர்க் என்ற புகைப்பட இதழாசிரியர்தான் அவற்றைத் தேடிக்கொண்டு போனார். 1951-ல் சிட்னியின் சாட்ஸ்வுட் பகுதியில், ஹோல்டர்மன் குடும்பத்தார் வீட்டுத் தோட்டக் கொட்டகையில், மரப்பெட்டிகளுக்குள் சுமார் 3,500 கண்ணாடி நெகட்டிவ்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒரு கொட்டகையில் அத்தனை காலம் உடையாமல் கிடந்ததை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. யாராவது ஒருவர் இடம் அடைக்கிறது என்று பெட்டிகளைத் தூக்கிப் போட்டிருந்தால் முடிந்தது. மறுஆண்டு அவை நூலகத்துக்கு வந்தன. 2013-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்துக்கான ஆஸ்திரேலியப் பட்டியலில் அந்தத் தொகுப்பு சேர்ந்தது. ஹில் எண்டுக்கு வடக்கே உள்ள கல்காங்கையும் மெர்லின் குழு இதேபோல் எடுத்திருந்தது. 1966-ல் வந்த பத்து டாலர் நோட்டில், அந்த வட்டாரத்தில் வளர்ந்த எழுத்தாளர் ஹென்றி லாசன் முகத்துக்குப் பின்னால் கல்காங் தெருக்கள் அச்சாயின. நாட்டில் எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு பழைய தங்க ஊர் மடிந்து கிடந்தது.

பெட்டிகள் கிடைப்பதற்கு முன்பே ஹில் எண்டுக்கு வேறு கண்கள் வந்து சேர்ந்திருந்தன. 1947-ல் ரஸ்ஸல் டிரைஸ்டேல், டொனால்ட் ஃப்ரெண்ட் என்ற ஓவியர்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். ஃப்ரெண்ட் அங்கேயே ஒரு குடிசை வாங்கிக்கொண்டார். மறுவருடம் டிரைஸ்டேல் வரைந்த 'கிரிக்கெட் ஆடுபவர்கள்' ஓவியத்தில், வெறிச்சோடிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு பையன் பந்து போடுகிறான், ஒருவன் மட்டை பிடிக்கிறான், சுவரோரம் ஒருவன் சாய்ந்து நிற்கிறான். பார்வையாளர் ஒருவரும் இல்லை. ஆஸ்திரேலியர்களுக்கு அது வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி அளவுக்குப் பழக்கமான படம். ஊர் 1967-ல் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் ஓவியர்கள் வந்து தங்கி வரைய அங்கே இரண்டு பழைய வீடுகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஹில் எண்டில் பெரும்பகுதி புல்வெளிதான். மாலையில் கங்காருக்கள் கடைவீதி இருந்த இடத்தில் மேய்கின்றன. காலி மனைகளின் ஓரம் ஆங்காங்கே பலகை நட்டிருக்கிறார்கள். அந்த மனையில் நின்ற கடையை மெர்லின் எடுத்த படம் அதில் இருக்கும். கடைக்காரர், மனைவி, குழந்தை, கலங்கிய நாய். படத்திலிருந்து தலையை நிமிர்த்தினால் எதிரே ஒன்றுமில்லை, தொலைவில் மலை முகடு மட்டும் படத்தில் உள்ளதுபோலவே வளைந்து போகிறது.

ஒன்று மட்டும் படங்களில் இல்லை. மெர்லின் எடுத்தபோது ஊரைச் சுற்றி மரமே கிடையாது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் ஆலைக்கு எரிக்கவும் வெட்டித் தீர்த்திருந்தார்கள், அடிக்கட்டைகள்தான் நின்றன. ஹோல்டர்மனின் கூட்டாளி பேயர்ஸ் ஹில் எண்டின் முதல் மேயர். படங்கள் எடுத்துச் சில ஆண்டுகள் கழித்து, தங்கம் தீர்ந்து ஊர் காலியாகிக்கொண்டிருந்தபோது, அவர் சாலையின் இருபுறமும் மரக்கன்றுகள் வைத்தார். பேயர்ஸ் அவென்யூ என்று இன்றும் அவர் பெயரில் இருக்கும் அந்தச் சாலையில் நிழல் விழுகிறது.