பிடித்துக்கொண்டுபோன நாய் ஏன் திரும்பி வருகிறது?

உங்கள் தெருவில் காது நுனி வெட்டுப்பட்ட நாய் ஏதாவது இருக்கிறதா? சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும். கத்தரித்தது போல ஒழுங்காக இருந்தால், அது ஒரு கால்நடை மருத்துவர் வெட்டியது. ‘இதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்தது, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று, மறுபடி பிடிக்க வேண்டாம்’ என்று அர்த்தம். அறுவை சிகிச்சைக்கான மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவதால் நாய்க்கு அப்போது வலி தெரியாது.

சரி, வண்டி கொண்டுவந்து வலைபோட்டுப் பிடித்துப் போனார்களே, காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா? எதற்காக அதே தெருவில் கொண்டுவந்து விடுகிறார்கள்? பெரியவர்களே கோபமாகக் கேட்கிற கேள்வி இது.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்தான். ஒரு பெண் நாய் ஆண்டுக்கு 6 குட்டி போடுகிறது, அதில் 3 பெண் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு தாயோடு சேர்த்து 4 பெண் நாய்கள். அதற்கடுத்த ஆண்டு 16, பிறகு 64, 256. ஐந்தாம் ஆண்டில் 1024! நிஜத்தில் இப்படி நடப்பதில்லை. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒரு வயதைப் பார்ப்பதில்லை. பசி, நோய், வண்டிச் சக்கரம் என்று காரணங்கள் பல. ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும் என்பதை அங்கே கிடைக்கும் சாப்பாடுதான் முடிவு செய்கிறது. கறிக்கடைக் கழிவும் நிரம்பி வழியும் குப்பைத்தொட்டியும் இருக்கும்வரை, பத்து நாயை அகற்றினால் அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து புதிய நாய்கள் வந்துவிடும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்காது, கருத்தடையும் ஆகியிருக்காது. ஊசி போட்ட பழைய நாய் அங்கேயே இருந்தால் தன் எல்லைக்குள் வெளிநாயை லேசில் விடாது.

சென்னை இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. நாய்களைப் பிடித்துக் கொல்வதை மாநகராட்சி பல பத்தாண்டுகள் செய்துபார்த்தது, நாய்கள் தீர்ந்தபாடில்லை. விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடும் வழியை 1964இலேயே கையில் எடுத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1990கள் வரை ஆயிற்று! 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023இல் வந்த புதிய விதிகளும் பிடித்த இடத்திலேயே விடும்படிதான் சொல்கின்றன.

காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறைய நாய்களை ஓரிடத்தில் அடைத்துவைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். காப்பகம் நடத்துகிறவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கிருமி ஒன்று உண்டு: பார்வோ வைரஸ். குட்டிகளின் குடலைத் தாக்கி, வாந்தியும் ரத்தப்போக்குமாக இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடலாம். வைரஸ்களில் சில கொழுப்பாலான உறை போர்த்தியிருக்கும். சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும், வைரஸ் காலி. பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது, அதனால் சோப்பால் அதை அழிக்க முடியாது. மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கு அடங்கும். அதிலும் அழுக்கின் மேல் கரைசலை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். முதலில் அழுக்கும் மலமும் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் கரைசல்.

நல்ல காப்பகத்தில் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வேலை செய்கிற அண்ணன் நேராக நோயாளி நாயிடம் போகமாட்டார். ஆரோக்கியமான குட்டிகளின் கூண்டைத்தான் முதலில் சுத்தம் செய்வார். பிறகு வளர்ந்த நாய்கள், அப்புறம் புதிதாக வந்து தனியறையில் இருப்பவை, கடைசியாகத்தான் நோயாளிகள். வரிசையை மாற்றினால் அவர் செருப்பிலும் துடைப்பத்திலும் ஏறிக்கொண்டு கிருமி குட்டிகளிடம் போய்ச் சேரும். புதிதாக வரும் நாயை இரண்டு வாரமாவது தனியே வைப்பதும் இதற்காகத்தான். பார்க்க நன்றாக இருக்கும் நாயின் உடம்பிலும் நோய் ஒளிந்திருக்கலாம்.

காப்பகத்துக்கு எலும்பும் தோலுமாக வரும் நாய்க்குத் தட்டு நிறையச் சோறு போடமாட்டார்கள். இது கொடுமை போலத் தெரியும். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கிடைத்தால், அதைப் பயன்படுத்தும் அவசரத்தில் செல்கள் ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அந்த உப்புகள் குறைந்தால் இதயம் தடுமாறும், நின்றும் போகலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பலமுறை கொடுத்து, பல நாள் எடுத்துத்தான் முழுச் சாப்பாட்டுக்கு வருவார்கள்.

தெருநாய்களைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள் என்றால் காப்பகத்திலேயே தங்குபவை யார்? கண் தெரியாதவை, கால் போனவை, கிழடுகள், வீட்டார் கைவிட்டவை. தெருவில் பிறந்த நாய்க்காவது தெரு பழக்கம். மெத்தையில் வளர்ந்து நடுச்சாலையில் இறக்கிவிடப்பட்ட நாய்க்குக் குப்பையில் சாப்பாடு தேடக்கூடத் தெரியாது. சைபீரியப் பனிக்கென்று அடர்ந்த ரோமம் வளர்த்த ஹஸ்கி இன நாயை மே மாதச் சென்னையில் வளர்ப்பது என்ன நியாயமோ! நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கிக்கொள்ளும். அழகுக்காக வாங்கி, பராமரிக்க முடியாமல் விட்டுவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான்.

கடைசியாக, உங்களுக்காக ஒரு விஷயம். வெறிநோய் வைரஸ் உறை போர்த்திய வகை, சோப்புக்கு அடங்கும். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்துபோக அதற்குப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்களோ என்று மறைக்காமல் அன்றைக்கே அம்மா அப்பாவிடம் சொல்லி ஊசிக்குப் போய்விடுங்கள். அரசு மருத்துவமனையில் அந்த ஊசி இலவசம்.