கருத்தரங்கோடு நின்றுவிடலாமா பல்கலைக்கழகம்?

உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டால் மலையகம் எங்கும் கருத்தரங்குகள்தான். பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறையை ஒதுக்கிவிட்டு வந்து கற்பிக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் கணிதம், உயிரியல் பிரிவுகளுக்கு முன்னோடிப் பரீட்சையும் நடத்திவருகிறார்கள். ஊதியம் எதிர்பாராத உழைப்பு இது. மனமார நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த உதவி, உயர்தர வகுப்புவரை வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது. சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி போன்ற தோட்டப் பகுதிகளில் பிள்ளைகள் அதற்கு வெகு முன்பே பின்தங்கத் தொடங்குகிறார்கள். தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஆரம்ப வகுப்புகள் என்பதே பலவற்றின் நிலை. தோட்டங்கள் தேசியமயமான பிறகு, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பின்னர் சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் உருவான ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி, மலையகப் பிள்ளைகளையே பயிற்றப்பட்ட ஆசிரியர்களாக்கியது. இருந்தும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் உண்டு.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வேறு வழியைப் பார்த்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த ஏழைக் குடியிருப்புகளில் அரசுப் பாடசாலைகள் நலிந்து கிடந்தன. 1990களில் மானிடவியல் பேராசிரியர் பிரான்சிஸ் ஜோன்ஸ்டன், தமது பாடநெறியையே டேர்னர் நடுநிலைப் பாடசாலையோடு இணைத்தார். அவருடைய மாணவர்கள் பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தையும் போஷாக்கையும் ஆராய்ந்தார்கள், அதையே பிள்ளைகளுக்குப் பாடமாகவும் நடத்தினார்கள். இது தொண்டு வேலை அல்ல. அவர்களுடைய பட்டப்படிப்பின் ஒரு பகுதி. அதனால் ஓர் அணி வெளியேறினாலும் அடுத்த அணி வந்தது. இத்தகைய பாடநெறிகளுக்கென்றே 1992இல் அங்கு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

இங்கும் தேவை கண்முன்னே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இப்போது பாடசாலைக்குப் போகிறார்கள். பேராதனையில் மருத்துவ, விவசாய, விஞ்ஞான, கலைப் பீடங்கள் எல்லாமே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக் கணிதம், பாடசாலைத் தோட்டம், சத்துணவு என ஒரே பாடசாலையில் இந்தப் பீடங்களின் மாணவர்கள் தம் பாடநெறியின் பகுதியாகவே கைகோக்கலாம், அதுவும் தமிழில்.

வந்து பிள்ளைகளை அளந்து, ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டுப் போவதாக இந்த ஏற்பாடு ஆகிவிடக் கூடாது. எதைச் செய்வது என்பதை அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ் செலவையும் தங்குமிடத்தையும் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பாடநெறியில் மாற்றம் கொண்டுவரும் அதிகாரம் பீடச் சபைக்கும் மூதவைக்கும் இன்றே இருக்கிறது.