பத்து சென்ட் மண் தந்த கௌரி அம்மா: தெரியுமா?

அடுத்தவர் தென்னந்தோப்பில் குடிசை போட்டுக் காலங்காலமாகக் கிடந்த கூலிக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் 'குடிகிடப்புக்காரர்' என்று பெயர். தோப்புக்காரர் முகம் சுளித்தால் போதும், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தக் குடிசை நின்ற மண்ணே அவர்களுக்குச் சொந்தமாகும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண் அமைச்சர், தெரியுமா?

அவர் கே.ஆர்.கௌரி அம்மா. சேர்த்தலைக்குப் பக்கத்தில் பட்டணக்காட்டில் 1919-ல் பிறந்தவர். ஈழவ சமூகத்தின் முதல் பெண் சட்டப் பட்டதாரி! 1957 ஏப்ரல் 5-ல் பதவியேற்ற கேரளத்தின் முதல் அமைச்சரவையில், முதல்வர் இ.எம்.எஸ். உட்பட 11 பேர். அதில் பெண் இவர் ஒருவர்தான். கையில் வருவாய்த் துறை. ஒரு வாரம் ஆவதற்குள், குத்தகைதாரரையும் குடிசைவாசியையும் நிலத்தைவிட்டு வெளியேற்றத் தடை போட்டு அவசரச் சட்டம் வந்துவிட்டது!

அடுத்து நடந்ததுதான் நெஞ்சைப் பிசைகிறது. 1959 ஜூனில் நிலச் சீர்திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது; ஜூலை 31-ல் ஆட்சியே கலைக்கப்பட்டது. 1967-ல் மறுபடி வருவாய்த் துறைக்கு வந்தார், 1969 அக்டோபரில் மறுபடி சட்டத்தை நிறைவேற்றினார். உடனே அந்த ஆட்சியும் கவிழ்ந்தது! ஆனால் சட்டம் சாகவில்லை. 1970 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3 என்று குடிசையைச் சுற்றிய மண்ணைச் சொற்ப விலையில் வாங்கும் உரிமை கிடைத்தது. பத்து சென்ட் என்ன பெரிசு என்று கேட்காதீர்கள். 'இறங்கு' என்று சொல்ல இனி ஆளில்லை!

முதல் அமைச்சரவையின் சக அமைச்சர் டி.வி.தாமஸைத்தான் அவர் மணந்தார். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, கணவர் சி.பி.ஐ., மனைவி சி.பி.எம். ஆனாலும் 1967-ல் இருவரும் ஒரே அமைச்சரவையில் இருந்தார்கள்!

17 தேர்தல், 13 வெற்றி. திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-ல் உருவானபோது தொழில்துறை அமைச்சரும் இவரே. 1987-ல் முதல்வர் ஆவார் என்று ஊரே நம்பியது; நாற்காலி அதே கட்சியின் இ.கே.நாயனாருக்குப் போனது. அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1994-ல் கட்சி அவரை வெளியேற்றியது. 75 வயதை நெருங்கியவர் ஜே.எஸ்.எஸ். என்று சொந்தக் கட்சி தொடங்கி, 2001-ல் ஏ.கே.அந்தோணி ஆட்சியில் வேளாண் அமைச்சராகத் திரும்பி வந்தார்!

1957 அமைச்சர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர்தான். 2021 மே 11-ல், 101 வயதில் கண்மூடினார். ஆலப்புழை வலிய சுடுகாட்டில், தாமஸ் அடங்கிய அதே மண்ணில், அவருக்குச் சிதை மூட்டினார்கள்.