பெற்ற ஆறுதலும் பகிரும் ஆறுதலும்: பவுலின் இரண்டாம் கொரிந்தியர் மடலை முன்வைத்துச் சில விளக்கங்கள்

முன்னுரை

துன்புற்றோர் இறைவனிடம் ஆறுதல் தேடுவது சமயங்களுக்குப் பொதுவான இயல்பு. கிறித்துவம் அதனோடு நில்லாமல், பெற்ற ஆறுதலைப் பிறருக்கு அளிக்கும் கடப்பாட்டையும் உடன் வைக்கிறது. இக்கருத்து மிகச் செறிவாக அமைந்துள்ள பகுதி, பவுல் கொரிந்து நகரத் திருச்சபைக்கு எழுதிய இரண்டாம் மடலின் தொடக்கமாகும் (1:3-7). ஏறத்தாழ கி.பி. 55, 56ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டதாக அறிஞர் பலர் கருதும் இம்மடலின் இவ்வைந்து வசனங்களில், ஆறுதலைக் குறிக்கும் கிரேக்கப் பெயர்ச்சொல் ஆறு முறையும் அதன் வினைவடிவம் நான்கு முறையும் வருகின்றன. ஒரே சொல்லைப் பவுல் இத்துணை அழுத்தத்துடன் அடுக்குவது ஏன்? இறைவன் தரும் ஆறுதல் மனிதரை எவ்வழியாக வந்தடைகிறது? இவ்வினாக்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

'பராக்லேசிஸ்' என்னும் அக்கிரேக்கச் சொல், 'அருகில் அழைத்தல்' என்னும் அடிப்படையிற் பிறந்தது. ஆறுதல், ஊக்கம், வேண்டுகோள் ஆகிய மூன்று பொருளும் அதற்குண்டு. யோவான் நற்செய்தியில் தூய ஆவியாரைக் குறிக்கும் 'பராக்லேத்தோஸ்' என்னும் சொல்லும் இதனோடு உறவுடையது. அதனைப் பழைய தமிழ்த் திருப்புதல் 'தேற்றரவாளன்' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'துணையாளர்' என்றும் பெயர்த்துள்ளன. முன்னது அவர் ஆற்றும் செயலையும், பின்னது அவர் உடனிருக்கும் நிலையையும் முதன்மைப்படுத்துகின்றன எனலாம்.

தமிழ்ச் சொற்களும் இங்கு நோக்கத்தக்கவை. 'ஆறு' என்னும் வினை, சூடு தணிதலையும் புண் ஆறுதலையும் குறிக்கும். 'தேறு' என்பது தெளிதலைக் குறிக்கும். கலங்கல் நீரைத் தெளிவிக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். ஏசாயா நூலின் நாற்பதாம் அதிகாரத் தொடக்கத்தில் எபிரேய வினை ஒன்றே இருமுறை அடுக்கி வருகிறது. பழைய திருப்புதலார் அவ்விடத்தில் ஆற்றுதல், தேற்றுதல் என இரு வேறு வினைகளைக் கையாண்டனர். வேதனை தணிதலும் கலக்கம் தெளிதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முழுமையான ஆறுதல் என்னும் புரிதலுக்கு இத்தமிழாக்கம் இடந்தருகிறது. மேலும், கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடலொன்று 'ஆற்றுதல்' என்பதற்குத் துன்புற்றோர்க்குத் துணைசெய்தல் என்றே பொருள் விரிப்பதும் ஒப்புநோக்கத்தக்கது.

தீத்துவின் வருகை

பவுல் இச்சொல்லை வெறும் கோட்பாடாகக் கூறவில்லை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியாகிய அன்றைய ஆசிய மாநிலத்தில், உயிர் பிழைக்கும் நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்கு நெருக்கப்பட்டதாக அவரே எழுதுகிறார் (1:8). அதனோடு மற்றொரு மனவருத்தமும் சேர்ந்தது. கொரிந்து சபையாருடன் ஏற்பட்ட பிணக்கின் காரணமாக, கண்ணீருடன் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார் (2:4). அதன் விளைவை அறியத் துரோவா நகரில் உடனூழியர் தீத்துவை எதிர்பார்த்தார். காணாமையால் அமைதியிழந்து மக்கெதோனியாவுக்குச் சென்றார் (2:12-13). அங்கே தீத்து வந்து சேர்ந்தார். தாழ்வுற்றோர்க்கு ஆறுதலளிக்கும் கடவுள், தீத்துவின் வருகையால் தமக்கு ஆறுதலளித்தார் என்று பவுல் குறிப்பிடுகிறார் (7:6).

இவ்வாக்கியமே இம்மடலின் ஆறுதற் கோட்பாட்டைத் திறக்கும் திறவுகோல் ஆகும். ஆறுதலைத் தந்தவர் கடவுள். ஆயினும் அது வந்தது ஒரு மனிதரின் வருகை வழியாக. தீத்துவோ கொரிந்தியரிடமிருந்து ஆறுதல் பெற்ற பின்னரே வந்திருந்தார் (7:7). ஆகவே கொரிந்தியரிடமிருந்து தீத்துவுக்கும், தீத்துவிடமிருந்து பவுலுக்கும், பவுலின் மடல் வழியாக மீண்டும் கொரிந்தியருக்கும் ஆறுதல் பயணம் செய்கிறது. பிணங்கியிருந்தவர்களே ஆறுதலின் ஊற்றாக மாறினர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இம்மடல் ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்களின் தொகுப்பாகலாம் என்போரும் உளர். எனினும் முதலிரு அதிகாரங்களும் ஏழாம் அதிகாரமும் பொருளால் இயைந்து நிற்பதை மறுத்தல் அரிது.

ஆறுதலின் எல்லை

இவ்வாறுதல் யாருக்கு உரியது? நல்லோர்க்கும் நண்பர்க்கும் மட்டுமன்று. சபைக்கு வருத்தம் உண்டாக்கித் தண்டனை பெற்ற ஒருவனை மன்னிக்கவும், அவன் அளவற்ற துயரத்தில் அமிழ்ந்துவிடாதபடி ஆறுதலளிக்கவும் பவுல் வேண்டுகிறார் (2:7). அங்கும் வருவது அதே வினைச்சொல்லே. தவறிழைத்தவனை விலக்கிவைக்கும் ஆறுதல், பவுலின் நோக்கில் ஆறுதலாகாது.

அது சொல்லளவில் நிற்பதுமன்று. எருசலேமின் ஏழைகளுக்கான நிதியைப் பற்றிப் பேசும் எட்டாம் அதிகாரத்தில், அதே 'பராக்லேசிஸ்' வேண்டுகோள் என்னும் பொருளில் வருகிறது (8:4, 17). முதல் அதிகாரத்தில் துயர் துடைத்த சொல், இங்கே பசி தீர்க்க அழைக்கும் சொல்லாகிறது.

போலி ஆறுதலையும் விவிலியம் அறியும். யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவருடன் தரையில் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது நன்றே. பின்னர் அவருடைய துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியதும், வருத்தமூட்டும் தேற்றரவாளர் என்று யோபுவால் கடிந்துரைக்கப்பட்டனர் (16:2). துக்க வீட்டில் 'எல்லாம் நன்மைக்கே' என்று கூறிவிட்டு விரைந்து விடைபெறும் வழக்கம் நமக்கும் புதிதன்று. பவுலோ, துன்பம் ஏன் வந்தது என்னும் வினாவுக்கு இப்பகுதியில் நேரடியான விடை தேடவில்லை; துன்பத்தில் பெற்றதைக்கொண்டு இனி யாருக்கு என் செய்யலாம் என்பதையே எண்ணுகிறார். ஆறுதலின் பயனாக அவர் சுட்டுவதும் துன்ப நீக்கமன்று, அதே துன்பத்தைப் பொறுமையோடு தாங்கும் உரமே (1:6).

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். கிறித்துவ நோக்கில் ஆறுதல் என்பது தனிமனித உள்ளத்தில் தொடங்கி அங்கேயே முடிவுறும் அனுபவமன்று. அருகில் வந்து நிற்கும் மனிதரின் வழியாக வருவது, வந்தவாறே அடுத்தவரிடம் செல்வது. ஆறுதலளிக்கும் தகுதி துன்பமறியாத வலியோர்க்கு உரியதெனப் பவுல் கூறவில்லை; நெருக்கப்பட்டு, ஆற்றப்பட்டவர்க்கே அதனை உரியதாக்குகிறார். விவிலியத் தமிழைக் கற்பிப்போர் ஆறுதல், தேற்றரவு, துணை ஆகிய சொற்களை ஒருபொருட் சொற்களாக மட்டும் விளக்காமல், அவற்றின் வேர்ப்பொருளையும் காட்டுதல் நலம். துயருற்ற மாணவர் ஒருவர் நம்முன் அமரும் நாளில், அச்சொற்கள் அகராதியை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். அன்று விளக்கம் கூறுவதினும், தீத்துவைப் போல வந்து சேர்வதே முதற்கடன்.