நாவலும் வழக்கும் - 9: நான்காவது மகன்

சென்ற வாரம் மீத்யா என்ற திமீத்ரியை மோக்ரோயே சத்திரத்தில், விசாரணை அதிகாரிகளின் நடுவே விட்டுவிட்டு வந்தோம். சட்டைக் கையில் ரத்தம். அது வேலைக்காரக் கிழவர் கிரிகோரியுடையது. அன்று மாலை வரை கடனுக்கு அலைந்தவன் கையில் இரவில் கற்றையாக நூறு ரூபிள் நோட்டுகள். வீட்டில் தகப்பன் ஃபியோதர் மண்டை உடைந்து கிடக்கிறார். தகப்பனும் மகனும் ஒருசேர மோகித்த க்ரூஷென்காவுக்கென்று அவர் எடுத்துவைத்த மூவாயிரம் ரூபிளைக் காணோம்.

பணம் ஏது? மீத்யாவிடம் உண்மையான பதில் இருக்கிறது, வாய்தான் வரவில்லை. மாஸ்கோவுக்கு அனுப்பச் சொல்லி, நிச்சயித்த பெண் காதரீனா கொடுத்த மூவாயிரத்தில் பாதியைக் கூத்தடித்துத் தீர்த்தவன், மீதியைத் துணியில் பொதிந்து தைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். எந்தத் துணி? வீட்டுக்காரம்மாவின் பழைய தொப்பி, கேட்காமல் எடுத்தது. அது இப்போது எங்கே? சந்தைத் திடலில் எங்கோ எறிந்துவிட்டான். கொலைப்பழியைவிட, நம்பிக் கொடுத்தவளின் காசை நெஞ்சில் ஒளித்துத் திரிந்த இழிவுதான் அவனைக் கூசவைக்கிறது. அதிகாரிகளோ துணியைப் பற்றியும் தையலைப் பற்றியும் துருவிக்கொண்டே போகிறார்கள். 'கரமாசோவ் சகோதரர்க'ளில் என்னை மிகவும் உலுக்கும் பக்கங்கள் இவை. ஒருவன் மானத்தை விட்டு உண்மையைச் சொல்கிறான்; எதிரே இருப்பவர்கள் அதைக் கட்டுக்கதையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கொன்றவன் ஸ்மெர்த்யாகோவ், அந்த வீட்டுச் சமையல்காரன். தெருவில் திரிந்த பித்துப்பெண் லிசவேதா, ஃபியோதர் தோட்டத்துக் குளியலறையில் பெற்றுப்போட்டுவிட்டு இறந்த பிள்ளை. அப்பன் அவர்தான் என்று ஊரே பேசியது, அவர் மறுத்தார். ஆனால் தாயை ஊரார் ஏளனமாக அழைத்த பெயரிலிருந்தே பிள்ளைக்குக் குடும்பப் பெயரை உண்டாக்கியவரும் அவரே. கிரிகோரியும் மனைவி மார்ஃபாவும் எடுத்து வளர்த்தார்கள். உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேசைக்குப் பக்கத்தில் அவன் வேலைக்காரனாக நின்றான்.

அவனை ஒருவரும் சகோதரன் என்று அழைக்கவில்லை. இளைய மகன் அல்யோஷாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லோருடைய துயரத்துக்கும் காது கொடுக்கும் அந்தப் பிள்ளை, ஒருநாள் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்மெர்த்யாகோவ் கிதார் மீட்டிப் பாடுவதைக் கேட்கிறான். இப்படிப் பிறந்ததற்கு வயிற்றிலேயே அழிந்திருக்கலாம் என்று அவன் ஒரு பெண்ணிடம் சொல்வதும் காதில் விழுகிறது. நேரில் போய் நின்ற அல்யோஷா விசாரிப்பதோ அண்ணன் திமீத்ரி எப்போது வருவார் என்று! அல்யோஷாவை வாசகர்கள் நேசிப்பது நியாயமே. ஆனாலும் இந்த இடத்தை மனம் ஆறாமல்தான் கடக்கிறேன்.

கடவுள் இல்லையென்றால் எல்லாம் செய்யலாம் என்ற நடு மகன் இவானின் வாதத்தை ஸ்மெர்த்யாகோவ் அனுமதியாகவே எடுத்துக்கொண்டான். வலிப்பு வந்தவனைப்போல் நிலவறைப் படியில் விழுந்து நடித்தவன், இரவில் எழுந்துபோய் இரும்பு பேப்பர் வெயிட்டால் ஃபியோதரை அடித்தான். வழக்குக்கு முந்தைய நாள் காலுறைக்குள்ளிருந்து நோட்டுகளை உருவி இவானிடம் கொடுத்துவிட்டு, அன்றிரவே தூக்கு மாட்டிக்கொண்டான். மறுநாள் இவான் அந்தப் பணத்தை நீதிமன்றத்தில் நீட்டியபோது அவனுக்கே சித்தம் கலங்கியிருந்தது. அவனைக் காப்பாற்றத் துடித்த காதரீனா, தகப்பனைக் கொல்வேன் என்று மீத்யா குடிபோதையில் எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அதோடு மீத்யாவின் கதை முடிந்தது. ஜூரிகள் அவனே குற்றவாளி என்றார்கள்.

இதை எழுதியவரின் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். 1878 மே மாதம் தஸ்தயேவ்ஸ்கியின் கடைக்குட்டி அல்யோஷா, மூன்று வயது நிறையுமுன் வலிப்பில் இறந்தான். தன் நோயே பிள்ளைக்கு வந்தது என்ற வேதனை அவரை வாட்டியது. 1879 ஜனவரியில் 'ரஷ்யத் தூதன்' இதழில் நாவல் தொடராக வரத் தொடங்கியது. இறந்த பிள்ளையின் பெயர் இளைய மகனுக்கு. அவனைக் கொண்டுபோன நோய் ஸ்மெர்த்யாகோவுக்கு. இருவரையும் பெற்ற அந்தத் தகப்பனுக்குத் தஸ்தயேவ்ஸ்கி வைத்தது தன் சொந்தப் பெயர்.

மீத்யாவுக்கு விடுதலை எழுத அவருக்கு ஆயுள் போதவில்லை. 1880 நவம்பரில் கடைசிப் பகுதி வெளிவந்தது. 1881 பிப்ரவரியில் இறந்துவிட்டார். மீத்யாவுக்கு முன்மாதிரியான மனிதனுக்கோ விடிவு கிடைத்தது. தகப்பனைக் கொன்றதாகத் தண்டனை பெற்று, தஸ்தயேவ்ஸ்கியோடு ஓம்ஸ்க் சிறையில் இருந்த அந்த முன்னாள் ராணுவ அதிகாரி, பத்தாண்டுகளுக்குப் பிறகு நிரபராதி என்று தெரியவந்தது. அவர் வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)